அந்த மாஸ்க்கை நான் பிடிச்சிருக்கக் கூடாது

1/ பிரசவ வலி குறைய முதுகுல ஊசி போடுறதைப் பத்தி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. இங்கிலாந்துல இன்னொரு வழி ரொம்ப சாதாரணம். தாயே மூச்சுல இழுத்துக்கிற வாயு. அதுல நான் வாங்கின திட்டைப் பத்தி ஒரு சின்ன த்ரெட்.

2/ அங்க பிரசவ வார்டுல நான் சேர்ந்த புதுசு. ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வலியோட நடுவுல கண்ணு சொருகி, கையில இருந்த மாஸ்க் நழுவிடுச்சு. பாவம், களைச்சுட்டாங்கன்னு நானே எடுத்து அவங்க முகத்துல வெச்சுப் பிடிச்சேன்.

3/ மிட்வைஃப் பட்டுன்னு என் கையை விலக்கினாங்க. "டாக்டர், அது கீழ விழணும். விழுறதுதான் பாதுகாப்பே."

4/ அந்த வாயுவின் பெயர் என்டோனாக்ஸ். 50% நைட்ரஸ் ஆக்சைடு, 50% ஆக்சிஜன். மூச்சை இழுத்தால்தான் வால்வு திறக்கும். அளவு கூடி அரைமயக்கம் வந்தால் கை தளரும், மாஸ்க் விழும், சாதாரணக் காற்று உள்ளே போகும், சில நிமிடங்களில் தெளிந்துவிடும். வேற யாராவது பிடிச்சா இந்தப் பாதுகாப்பு போச்சு. நான் களைப்புன்னு நினைச்சது அரைமயக்கம்!

5/ அங்கே இதை 'கேஸ் அண்ட் ஏர்' என்பார்கள். 1930-களில் லிவர்பூல் மருத்துவர் மின்னிட் செய்த கருவி, நைட்ரஸ் ஆக்சைடைக் காற்றோடு கலந்து கொடுத்தது. 1961-ல் டன்ஸ்டால் அதையே ஆக்சிஜனோடு ஒரே சிலிண்டரில் கொண்டுவந்தார். காற்று போய் ஆக்சிஜன் வந்தாச்சு, பழைய பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

6/ நேரம் முக்கியம். வேலை செய்ய சுமார் அரை நிமிடம் ஆகும். வலி உச்சத்துக்கு வந்த பிறகு இழுத்தா லேட். வயிறு இறுக ஆரம்பிச்ச உடனே நிதானமா, ஆழமா இழுக்கணும். வலி விட்டதும் மாஸ்க்கை எடுத்துடணும்.

7/ உண்மையைச் சொல்லணும்னா, இது வலியை முழுசா எடுக்காது. முதுகு ஊசி அளவுக்கு வராது. குமட்டல், தலைசுத்தல், வாய் வறட்சி வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பி12 குறைபாடு இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

8/ அன்னிக்கு அந்தப் பெண் ரெண்டு நிமிஷத்துல கண்ணைத் திறந்து, தானே மாஸ்க்கைத் தேடி எடுத்தாங்க. நான் வயித்துல கை வெச்சு, "வருது, இப்ப இழுங்க"ன்னு மட்டும் சொன்னேன். உதவின்னா அவ்வளவுதான்.

9/ நாளைக்கு உங்க மனைவியோ மகளோ தங்கச்சியோ இதைப் பயன்படுத்தினா, பக்கத்துல இருங்க. தண்ணி கொடுங்க. முதுகைத் தடவி விடுங்க. மாஸ்க்கை மட்டும் தொடாதீங்க. அது அவங்க கையிலயே இருக்கட்டும்.