டாக் டேக் வாங்கிய கதை

பி.காம் படிக்கிறவனுக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் என்னடா சம்பந்தம் என்று வகுப்பில் பாதிப் பேர் கேட்டாகிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க ராணுவ வீரர்களின் கழுத்தில் இரண்டு உலோக வில்லைகள் தொங்குவதை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாய்க்குக் கட்டுகிற வில்லை மாதிரி இருப்பதால் 'டாக் டேக்' என்று பேர். போன வருடம் இணைய ஏலத்தில் ஒன்றை எடுத்தேன். தபால் செலவோடு 3,200 ரூபாய். (வீட்டில் சொன்னது 500. யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.) பார்சலைப் பிரித்ததுமே அம்மா, "செத்தவன் கழுத்துல கிடந்ததையா வீட்டுக்குள்ள கொண்டு வர்றே? மொதல்ல வெளிய வை" என்றார். வராந்தா ஜன்னலுக்குப் போனது.

வில்லையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறது. இறந்தவனின் பல்லிடுக்கில் செருகத்தான் அந்த வெட்டு என்று ஒரு கதை உண்டு. நானும் ஹாஸ்டலில் அதைப் பலமாக அளந்துவிட்டிருக்கிறேன். சுத்தப் பொய். எழுத்துப் பொறிக்கும் இயந்திரத்தில் வில்லை சரியாக உட்காருவதற்காக வைத்த வெட்டு அது, அவ்வளவுதான்.

இருப்பது ஐந்தே வரி. பெயர், எண், அம்மாவின் பெயர், வீட்டு முகவரி. உறவினர் பெயரைப் பொறிப்பது 1943 ஜூலையோடு நின்றுவிட்டது. எனவே இது அதற்கு முந்தையது. 'டி42' என்றால் 1942-ல் டெட்டனஸ் ஊசி போட்டாயிற்று. 'ஓ' ரத்த வகை. மூலையில் உள்ள 'பி' புராட்டஸ்டன்ட். எண் 35 என்று ஆரம்பிக்கிறது. 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். 5 என்றால் ஒஹையோ, இண்டியானா, கெண்டக்கி, மேற்கு வர்ஜீனியா பக்கம். லெட்ஜர் படிக்கிற மாதிரியே இருந்தது.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், ராணுவத்தில் சேர்ந்தவர்களின் பதிவுகள் சுமார் 90 லட்சத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. எண்ணைத் தட்டினேன். பிறந்தது 1920. கல்யாணம் ஆகவில்லை. தொழில்: கணக்கெழுதுபவர், காசாளர் என்ற பிரிவு. அட, நம்ம ஆளு!

முழு சர்வீஸ் கோப்பு கிடைத்தால் எங்கே சண்டை போட்டார் என்று தெரியும். ஆனால் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் தீப்பிடித்தது. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் சாம்பல். அந்த வழி அநேகமாக அடைத்துப் போனது.

வெளிநாட்டுப் போர்க் கல்லறைகளின் பட்டியலில் தேடினேன். இல்லை. கடைசியில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையின் இரங்கல் செய்தியில் ஆள் அகப்பட்டார். 2001-ல், 81 வயதில், பேரன் பேத்திகளோடு இருந்து போயிருக்கிறார். இரும்புச் சாமான் கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியிருக்கிறார்.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது "ச்சே!"

பொய் சொல்லவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது. போரில் இறந்தவருடையது என்றால் சந்தையில் விலை ஏறும், எனக்கும் அது தெரியும். ஆனால் யோசித்தால், அன்றைய வழக்கப்படி ஆள் இறந்தால் ஒரு வில்லை உடலோடு மண்ணுக்குள் போகும், இன்னொன்று கல்லறைக் குறியில் ஏறும். பிழைத்தவனுடையதுதான் வீட்டுக்கு வரும், பரணில் கிடக்கும், பிறகு ஏலத்துக்கு வரும். நான் ஒரு மனுஷன் செத்திருக்க வேண்டும் என்று மூன்று மாதமாக ராத்திரி கண்விழித்துத் தேடியிருக்கிறேன்!

அம்மாவிடம் சொன்னேன். "பொழச்சு வந்துட்டானா? கல்யாணம் பண்ணிக்கிட்டானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் பார்த்தால் வில்லை ஜன்னலில் இல்லை; ஹால் ஷோகேஸில், என் ஸ்கூல் கப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரங்கல் செய்தியில் மகளின் பெயரும் இருந்தது. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன் என்று அந்த ஊர் நூலகத்தின் மூலம் கடிதம் போட்டிருக்கிறேன். வேண்டும் என்று சொன்னால் 3,200-ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது, அக்கவுண்டன்சி புலிகள் யாராவது சொல்லுங்களேன் :-)