129 வாக்குகளும் ஒரு கையொப்பமும்

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவருக்கு 'ஆளுநர்' என்றதும் நினைவுக்கு வருபவர், குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டு ஆளுநர் மாளிகையில் வந்து தங்குபவரே. அமெரிக்க மாநில ஆளுநரோ மக்களின் நேரடி வாக்கால், பெரும்பாலும் நான்காண்டுகளுக்குத் தேர்வாகி, சட்டமன்றம் நிறைவேற்றியதைத் தடுக்கும் 'வீட்டோ' என்னும் மறுப்புரிமையும் உடையவராதலால், அதிகாரத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சருக்கே நெருங்கியவர். 2004 நவம்பரில் சுர்ஜித் சிங் பர்னாலா ஓர் ஆணையின் பேரில் சென்னையில் ஆளுநர் பொறுப்பேற்ற அதே வாரத்தில், சியாட்டில் நகரை உள்ளடக்கிய வாஷிங்டன் மாநிலத்தில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாக்களித்தும் ஆளுநர் யாரென்பது தெரியாமலிருந்தது.

முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டீனோ ராஸ்ஸி 261 வாக்குகளாலும், சட்டப்படி நடந்த இயந்திர மறு எண்ணிக்கையில் 42 வாக்குகளாலும் முந்தினார். ஜனநாயகக் கட்சி முன்பணம் கட்டிக் கேட்ட கைம்முறை எண்ணிக்கையிலோ கிறிஸ்டீன் கிரெக்வார் 129 வாக்குகளால் வென்றார். இதற்கிடையில் அம்மாநிலத்தின் கிங் மாவட்ட மன்றத் தலைவர் லாரி பிலிப்ஸ், தபால் வாக்கு நிராகரிக்கப்பட்டோர் பட்டியலைப் புரட்டுகையில் தம் பெயரையே அதில் கண்டார். கணினியில் கையொப்ப மாதிரி இல்லாதபோது பழைய காகிதப் பதிவைப் பார்க்காமலே ஊழியர்கள் வாக்கு உறைகளை ஒதுக்கியிருந்தனர். அவ்வாறு ஒதுக்கப்பட்டவை 500க்கும் மேல் என்று தெரியவர, மாநில உச்ச நீதிமன்றம் அவற்றை எண்ண வழிவிட்டது. தோற்ற தரப்பு இதைத் திருட்டு என்று கூறி வழக்குத் தொடுத்தது. 2005 ஜூனில் தீர்ப்பளித்த நீதிபதி ஜான் பிரிட்ஜஸ், தகுதியற்றோர் வாக்களித்தது உண்மையென்றாலும் அவ்வாக்குகள் யாருக்கு விழுந்தன என்பதற்குச் சான்றில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்ததோடு, ராஸ்ஸிக்கு வாக்களித்ததாகத் தாமே ஒப்புக்கொண்ட, தகுதியற்ற நால்வரின் வாக்குகளைக் கழித்ததால், வித்தியாசம் 133 ஆயிற்று. வழக்காடப் போனவருக்கே நான்கு குறைந்தது சற்று வேடிக்கைதான்.

அதே கிங் மாவட்டத்தின் ரெட்மண்ட், பெல்வியூ நகரங்களில் மென்பொருள் வேலைக்கு வந்து குடியேறிய தமிழருள், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி மட்டும் பெற்றோர்க்கு இத்தேர்தல்களில் வாக்கில்லை. குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிந்தவர்க்கு வாக்குச்சீட்டு தபாலில் வருகிறது, 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் மாநிலம் முழுவதும் இதுவே முறை. சீட்டை உறையிலிட்டு, வெளியுறையின் மேல் கையெழுத்திட வேண்டும். பதிவிலுள்ள மாதிரியோடு அது ஒத்தாலன்றி, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். விரல்மை பூசிக்கொண்டு வாக்களித்த நாட்டில் ஆளைப் பார்த்து ஏற்றனர். இங்கே கையெழுத்தின் கோட்டைப் பார்த்து ஏற்கின்றனர். ஊரில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு தமிழில் கையெழுத்திட்டவர், கடைசிப் பெயர் கேட்கும் படிவங்களுக்காக அம்முதலெழுத்தை முழுப்பெயராக நீட்டி, கடைகளின் கண்ணாடித் திரையில் விரலால் கிறுக்கிக் கிறுக்கி அக்கையெழுத்தையும் ஓர் அலைக்கோடாகத் தேய்த்துவிட்டிருப்பார். அவர் சாப்பாட்டு மேசையில் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வைத்து, அதிலுள்ள பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, உறையின் மேல் மெதுவாக எழுதுகிறார்.