சீதனக் காணியின் வேரைத் தேடி

யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியிலோ வேலணையிலோ ஒரு வளவின் வரலாற்றைக் கிளறினால், 'அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி' என்ற பேச்சில் போய் நிற்பது வழமை. இந்த வழமை எங்கிருந்து வந்தது? பழங்காலக் காணி என்றதும் அரசன் கொடையும் கல்வெட்டுமே நினைவுக்கு வரும். ஆகவே முதலில் கல்லைத்தான் தேடினேன். அல்லைப்பிட்டி மண்ணிலிருந்து வந்தவை 11, 12ஆம் நூற்றாண்டுச் சீன மட்பாண்டத் துண்டுகள். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த தமிழ்க் கல்வெட்டோ கப்பல்களைப் பற்றியது: யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் காற்பங்கு, வணிகச் சரக்குக் கப்பலானால் அரைப்பங்கு அரச பண்டாரத்துக்கு. அரசனின் அக்கறை துறைமுகத்தில் இருந்திருக்கிறது; வேலிக்கு உள்ளே அவன் எட்டிப்பார்க்கவில்லை.

சோழநாட்டில் பெண்ணுக்கு நிலவருவாய் கொடுத்த கல்வெட்டு உண்டே என்பார்கள். உண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடற்பணிக்குக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் ஒரு பங்கும் கிடைத்தன. ஆனால் அந்தப் பங்கு பணிக்கு உரியது. அவள் இறந்தால் அப்பணிக்குத் தகுதியுள்ள உறவினருக்கே அது போகும். தாய் மகளுக்குக் கொடுக்கும் வளவோடு இதைச் சேர்த்து எண்ண முடியாது.

ஆகவே கல்லை விட்டு ஏட்டுக்கு வந்தேன். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் ஆணைப்படி யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை எழுதி முடித்தார். 12 முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்பினார்கள். பழைய வழமை என்று அது சொல்வது இதுதான்: தகப்பனின் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, ஆண்மக்களுக்கு; தாயின் சீதனம் பெண்மக்களுக்கு; தேடியதேட்டம், அதாவது மணவாழ்வில் தேடிய சொத்து, இருபாலாருக்கும், அதிலும் பெண்களின் பங்கு கூடுதலாக இருக்க ஆண்கள் இடம்கொடுக்க வேண்டும். போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேராவின் காலத்தில் இந்த எல்லைகள் குழம்பி, முதுசமும் சீதனத்தில் சேரத் தொடங்கியதென்றும் அந்த ஏடே சொல்கிறது. ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். அப்படியானால் இந்தப் பிரிப்பு அதற்கும் முந்தியது. 'சீதனம்' வடமொழி ஸ்திரீதனத்தின் திரிபுதானே, வழமையும் அங்கிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். சொல் வந்த வழியிலேயே வழமையும் வந்திருக்க வேண்டியதில்லை. தரும சாத்திரங்களின் ஸ்திரீதனத்தில் நகையும் கொடைப்பொருளும் முன்னிற்க, இங்கே முன்னிற்பது காணி.

பன்னிரு முதலியார்களும் ஆண்கள், செல்வர். அவர்கள் சொன்னதை எப்படி நம்புவது என்பது வலுவான கேள்வி. ஆனால் மகனின் பங்கைக் குறைக்கும் விதியைத் தகப்பன்மார் தங்களுக்காகப் புனைந்திருக்க மாட்டார்கள். மருமகனுக்கு இலாபமாயிற்றே என்றால், ஆம், அதை மறுக்கமாட்டேன். மனைவி கணவனின் சம்மதமின்றி எதையும் நன்கொடை செய்யலாகாது என்ற விதியும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்தப் பூட்டைக் கழற்றவில்லை. அந்தச் சட்டத்தின்படி தன் சீதனக் காணியை மரணசாசனத்தால் மனைவி விரும்பியவருக்கு எழுதலாம். உயிரோடிருக்கையில் விற்பதென்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். முதுசத்தை விற்கிற கணவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.