நல்ல மேஸ்திரி வேணும்

மானாம்பதி வீட்டுக்கு மொட்டைமாடித் தட்டோடு மாத்தணும். மேஸ்திரி யாருன்னு கேட்டா ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. நான் பேரை நம்பல. அவங்க முடிச்சு ரெண்டு மழைக்காலம் பார்த்த வீடுகளைப் போய்ப் பார்க்கிறேன். ஒரு மாடியில குடம் தண்ணியைக் கவுத்தோம். எங்கேயும் தேங்காம நேரா குழாய்க்கு ஓடிச்சு. அப்படி ஒரு வாட்டம்! "பூச்சு முடிஞ்சப்புறமும் தினம் வந்து, தண்ணி விட்டீங்களான்னு கேப்பாருப்பா"ன்னாங்க அந்த வீட்டம்மா.

பக்கத்து உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கு. ஊர்ச்சபை வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரும், அவர் உறவுக்காரங்க பேரும், ஆளைத் தேர்ந்தெடுக்கக் குடத்துல போடுற குடவோலையிலயே ஏறக்கூடாதாம். எனக்கும் அதுதான் முதல் கேள்வி: சிமெண்ட் மூட்டைக்கும் மணல் லோடுக்கும் பில்லோட கணக்குக் காட்டுவாரா? அட்வான்ஸ் கொஞ்சம், மீதி வேலை முடிய முடிய. இதுக்குச் சம்மதிக்கிற மேஸ்திரி தெரிஞ்சா சொல்லுங்க. ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும்.