மழைநாட்டில் ஒரு மடக்குக் கூரை

நோர்வூட்டில் வாழ்வோருக்கு மழையைப் பற்றி எடுத்துரைப்பது மீனுக்கு நீச்சல் கற்பிப்பதை ஒக்கும். தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து வரும் மேகம் கண்மூடித் திறக்குமுன் கடைத்தெருவை மூடிவிடும். இத்தகைய ஊரிலே, கூரையை மடக்கிவிட்டுச் செல்லும் மோட்டார் வண்டி ஒன்று எமது சிறிய கராஜுக்கு வந்தது என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் நகைத்தோம். பின்னர் அவ்வண்டியே எம்மைத் தலைகுனிய வைத்தது.

வண்டிக்கு உரியவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பிலே தொழில் பார்க்கும் இளைஞர். பழைய ஜெர்மன் வண்டியை ஆசையோடு வாங்கியிருந்தார். தங்கையின் திருமணத்தன்று, லயத்து வாசலிலிருந்து கோவில்வரை அவளை அதிலேதான் அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவருடைய விருப்பம். திருமணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. கூரையோ பாதி எழுந்து, அந்தரத்தில் நின்றுகொண்டது.

மாணவர்கள் பொருட்டு இதன் இயக்கத்தைச் சிறிது விளக்குவோம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. 1795 இல் ஆங்கிலேயரான ஜோசப் பிராமா இத்தத்துவத்தைக் கொண்டே நீரியல் அழுத்தியொன்றுக்கு உரிமம் பெற்றார். மடக்குக் கூரையிலும் அதே தத்துவந்தான். ஒரு சிறு மின்மோட்டர் பம்பியைச் சுழற்றுகிறது. பம்பி எண்ணெயைக் குழாய்வழியே இருபுறத்து உருளைகளுக்குள் தள்ளுகிறது. எண்ணெய் பிஸ்டனின் கீழ்ப்புறம் சென்றால் கூரை எழும். மோட்டர் எதிர்த்திசையில் சுழன்று மேற்புறம் தள்ளினால் கூரை மடங்கும். எண்ணெய் வழிந்துவிடாமல் காப்பவை மெல்லிய இறப்பர் வளையங்கள்.

நாம் பார்த்தபோது எண்ணெய் குறைந்திருந்தது. குழாயின் பொருத்து ஒன்று கசிந்திருந்தது. அதை இறுக்கினோம். பிறகு தட்டிலிருந்த பிரேக் ஒயில் போத்தலை எடுத்து ஊற்றினோம். 1940களிலும் 50களிலும் வந்த அமெரிக்க வண்டிகள் பலவற்றின் கூரைக்கு அதையே ஊற்றினார்கள் என்று கேட்டிருந்தோம். அந்தக் கேள்வி ஞானமே போதும் என்று எண்ணினோம். கூரை ராஜாளிபோல் எழுந்தது. இளைஞர் கைகுலுக்கினார்.

பத்தாம் நாள் அவர் மழையில் நனைந்தபடி வந்து நின்றார். திறந்த கூரை மூட மறுத்துவிட்டது. பின்னாசனத்தில் அவருடைய வயதான தகப்பனார் தலையில் கம்பளியைப் போர்த்தியபடி அமர்ந்திருந்தார். பம்பியின் திருகாணியைத் தளர்த்தி, கையாலேயே கூரையை இழுத்து மூடினோம். மறுநாள் உருளையைப் பிரித்தோம். வளையங்கள் உப்பி, களிபோல் மென்மையாகிக் கிடந்தன. அவ்வண்டியின் இறப்பர் கனிம எண்ணெய்க்கென அமைந்தது. பிரேக் ஒயிலோ கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. ஒன்றுக்கு உகந்த இறப்பர் மற்றதில் ஊறினால் கெடும். குற்றம் வண்டியினுடையதன்று, எம்முடையதே.

உண்மையைச் சொல்லுவோம். “பழைய வண்டி, வயதாகிவிட்டது” என்ற வாக்கியம் எம் நாவின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் கூலியும் கிடைத்திருக்கும், பெயரும் தப்பியிருக்கும். ஆனால் எம்மிடம் தொழில் பழகும் பையன் அருகில் நின்றான். அன்று அந்தப் போத்தலை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். அவன் எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் சொல்லப்போவது அவனுக்கும் ஒரு பாடமாகிவிடும் என்பது அப்போது உறைத்தது.

இளைஞரை அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வண்டிக்கு வயசாச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே, அண்ணே” என்றார். அதைவிடக் கடுமையான வசையை நாம் கேட்டதில்லை. அதைவிடப் பெரிய மன்னிப்பையும் பெற்றதில்லை.

புதிய வளையங்கள் கொழும்பிலிருந்து வந்தன. செலவு எம்முடையது. பழைய எண்ணெயை முழுதும் வடித்து, குழாய்களை உரிய எண்ணெயால் கழுவி, கூரையைப் பலமுறை ஏற்றி இறக்கி உள்ளிருந்த காற்றை வெளியேற்றினோம். திருமணத்தன்று மணப்பெண் திறந்த வண்டியில் புறப்பட்டாள். பாதி வழியில் தூறல் விழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திப் பொத்தானை அழுத்தினார்கள். கூரை அமைதியாக மூடிக்கொண்டது. பின்னால் வந்த நாம் அப்போதுதான் மூச்சுவிட்டோம்.

இப்போது எமது கராஜில் எண்ணெய்ப் போத்தல்கள் தனித்தனித் தட்டுகளில் இருக்கின்றன. எதைத் தொட்டாலும் அந்தப் பையன் விடுவதில்லை: “அண்ணே, போத்தல்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்திங்களா?” கோபம் வருவதில்லை. போத்தலைத் திருப்பி, அவனுக்குக் கேட்கும்படி வாசித்துவிட்டே ஊற்றுகிறோம்.