வளைகோலும் வஞ்சகியும் நானும்

முதலாண்டு வகுப்பின் முதல் நாள். பேராசிரியர் ஒருவர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பெயர், ஊர், பொழுதுபோக்கு ஆகிய மூன்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு முன்னே எழுந்தவர்கள் கிரிக்கெட், சினிமா, நல்ல நூல்களைப் படித்தல் என்று முறையாகச் சொல்லி அமர்ந்தனர். என் முறை வந்ததும், “ஹாக்கி, கொலை வழக்கு, வில்லிகள் ஐயா” என்று உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். “முதலாவதற்கு மைதானம் இருக்கிறது, இரண்டாவதற்கு நீதிமன்றம் இருக்கிறது, மூன்றாவதற்கு எங்கே தம்பி போவாய்? இந்த மூன்றுக்கும் என்னதான் உறவு?” என்று கேட்டார்.

அன்று விடை சொல்லத் தெரியாமல் விழித்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு இப்போது அவரே கேட்டிருப்பதால், அந்தப் பழைய கடனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

முதலில் ஹாக்கி. தமிழ்த்துறை ஐயா இதனை ‘வளைகோல் பந்தாட்டம்’ என்று சிவப்பு மையால் திருத்துவார். தலைப்பிலேயே அவருக்கு வணக்கம் செலுத்திவிட்டேன். உள்ளே ஹாக்கி என்றே எழுத விடை தருவாராக!

எங்கள் ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். சிப்காட் ஆலைகளின் ஷிப்டு நேரத்தை வைத்தே தெருவில் பொழுது விடியும், பொழுது சாயும். அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கிரிக்கெட் மட்டைதான் இருந்தது. என் கைக்கு மட்டும் வளைகோல் வந்ததற்குக் காரணம், என் தந்தையுடன் வேலை பார்த்த குடகு நாட்டுக்காரர் ஒருவர். குடகில் ஹாக்கி என்பது குலதெய்வ வழிபாடு மாதிரி. 1997இல் பாண்டண்ட குட்டப்பா என்பவர் தொடங்கிவைத்த குடும்ப ஹாக்கி விழாவில், ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் ஓர் அணியாக இறங்குவார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் ஓடுவதுண்டு. பெண்களும் கோல் பிடித்து நிற்பதுண்டு. அந்த மாமா ஒவ்வொரு கோடையிலும் ஆலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விளையாடப் போவார்; முழங்காலில் கட்டுடன் திரும்பி வருவார். அவர் கழித்துக் கொடுத்த கோல்தான் என்னுடைய முதல் கோல்.

என் தந்தைக்கு ஹாக்கி என்றால் மாஸ்கோதான். 1980 ஜூலை 29 அன்று ஸ்பெயினை 4–3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அணித் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். ‘பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அல்லவா அது’ என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். வராதவனைத் தோற்கடிக்க யாரால் முடியும்? வந்தவனைத் தோற்கடித்தோம், அவ்வளவுதான். அதற்குப் பின்னர் நெடிய பஞ்சம். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதியே பெறவில்லை. 41 ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டு 5 காலையில், டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என்று வென்று வெண்கலம் பெற்றோம். கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை, சீருடையைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சியின் முன்னே நின்றிருந்தார். ஸ்ரீஜேஷ் தடுத்தார். தந்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதே டோக்கியோவில் நம் மகளிர் அணி ஆஸ்திரேலியாவை 1–0 என்று வீழ்த்தியதையும் சொல்லாமல் விடலாகாது. குர்ஜித் கௌர் அடித்தது ஒரே கோல். அதன் பிறகு கோல்கீப்பர் சவிதா சுவராக நின்றார். ஆஸ்திரேலிய வீட்டுக் கூடங்களில் அன்று சவிதாதான் முதல்தர வில்லியாகத் தெரிந்திருப்பார். வில்லி என்பவள் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தவள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஹாக்கியிலிருந்து கொலை வழக்குக்கு எப்படித் தாவினேன்? அட்டைகள் வழியாகத்தான்! ஹாக்கி நடுவரிடம் மூன்று அட்டைகள் உண்டு. பச்சை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் காட்டினால் குறைந்தது ஐந்து நிமிடம். சிவப்பு காட்டினால் அன்றைய ஆட்டமே முடிந்தது. 2024 ஆகஸ்டு 4 அன்று பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ஆடுகையில், நம் அமித் ரோஹிதாசுக்குப் பதினேழாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை. அவர் கோல் எதிராளியின் முகத்தில் பட்டுவிட்டது. வேண்டுமென்றா, தற்செயலா? இன்றுவரை எங்கள் விடுதியில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மீதி நேரம் முழுவதும் பத்துப் பேருடன் ஆடி, 1–1 என்று சமன் செய்து, ஷூட்அவுட்டில் 4–2 என்று வென்றோம். ஆனால் தண்டனை அதோடு முடியவில்லை. ரோஹிதாஸ் அரையிறுதியிலும் ஆட முடியாமல் போயிற்று. ஜெர்மனியிடம் 2–3 என்று தோற்றோம். பின்னர் ஸ்பெயினை வென்று வெண்கலம் வாங்கியதில் ஓரளவு ஆறுதல்.

குற்றமா இல்லையா என்பதை ஒரு நிமிடத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, ஒருவர் தீர்மானிக்கிறார். மைதானத்துக்கு வெளியே அது எத்தனை ஆண்டு இழுக்கும் என்று தேடப்போய்த்தான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் விழுந்தேன். ‘இந்துநேசன்’ என்ற இதழில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த அவர், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கைதானவர்கள் யார்? எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும்! பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் சிறையில் இருந்தார். ஆயுள் தண்டனை, உயர்நீதிமன்றத்தில் உறுதி, பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு, மறு விசாரணை, 1947 ஏப்ரலில் விடுதலை. சிவப்பு அட்டையைத் திரும்பப் பெற இரண்டரை ஆண்டுகள் ஆயின! கலைவாணர் மீண்டு எழுந்தார். பாகவதர் எழவில்லை.

பிறகு 1952இன் ஆளவந்தார் வழக்கு. பேனா வியாபாரியான அவருடைய தலையில்லாத உடல், தகரப்பெட்டியில் அடைக்கப்பட்டு ரயிலில் மானாமதுரை வரை போயிற்று. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும் குற்றவாளிகள். மேனனுக்கு ஏழாண்டு, தேவகிக்கு மூன்றாண்டு. இறந்தவர் தேவகியைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தினார் என்பது வழக்கில் பேசப்பட்டது. தேவகி வில்லியா, அல்லவா? இந்தக் கேள்விதான் என்னை மூன்றாவது பித்துக்குள் தள்ளிற்று.

நிற்க. வில்லிகள்மேல் எனக்கு ஏன் இத்தனை மோகம் என்று தோழர்கள் கேட்பதுண்டு. நம் படங்களில் கதாநாயகி அழுவாள், காத்திருப்பாள், மன்னிப்பாள். வில்லியோ திட்டமிடுவாள். 1999இல் வெளிவந்த ‘படையப்பா’வில் ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரி பதினெட்டு ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்து வஞ்சம் வளர்த்தாளே, அவளைவிட உறுதி படைத்த ஓர் ஆண் பாத்திரத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்! கல்கியின் நந்தினி வராத அத்தியாயங்களை நான் விரைந்து புரட்டிவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குண்டலகேசி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. இன்று நமக்குக் கிடைப்பவை பத்தொன்பது பாடல்களே. ஆயினும் கதை பிழைத்துக்கொண்டது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட கள்வனைக் காதலித்து, மீட்டு, மணந்துகொள்கிறாள் வணிகன் மகள். அவனோ அவள் நகைக்காக அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாகுமுன் உன்னை வலம்வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். அதன்பின் துறவியாகிறாள். பழையனூர் நீலியின் கதையும் அப்படித்தான். அவள் அழுத பொய்யழுகையை ‘நீலிக்கண்ணீர்’ என்று வழக்காக்கிவிட்டோம். முற்பிறவியில் கணவன் கையாலேயே கொலையுண்டவள் அவள் என்பதை வசதியாக மறந்துவிட்டோம். வில்லியின் கதையைப் பின்னோக்கிப் புரட்டினால் எங்கோ ஒரு பழைய காயம் இருக்கும் என்பது என் சித்தாந்தமாயிற்று.

இந்தச் சித்தாந்தத்தோடுதான் நம் எல்லைக்கு அப்பால் நடந்த வழக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன். அத்திப்பள்ளி தொடங்கினாலே கர்நாடகம். அங்கே கெம்பம்மா என்ற பெண், ‘சயனைடு மல்லிகா’ என்று நாளிதழ்கள் பெயர் சூட்டிய பெண், 1999க்கும் 2007க்கும் இடையே ஆறு பெண்களைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். கோயில்களில் துயரத்தோடு வரும் பெண்களிடம் பரிவாகப் பேசுவார். குறை தீர ஒரு பூஜை செய்யலாம், இருக்கும் நகையெல்லாம் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று தொலைவிலுள்ள வேறொரு கோயிலுக்கு அழைப்பார். அங்கே தீர்த்தத்திலோ உணவிலோ சயனைடு. 2007இன் இறுதியில் பெங்களூரில் பிடிபட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

கன்னடத் தொலைக்காட்சியின் குற்ற நிகழ்ச்சிகளைப் பார்த்தும், பழைய செய்திகளைத் தேடியும், நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பினேன். அவர் வீட்டு வேலை செய்தது, சீட்டு நடத்தி நொடித்தது, எப்படிப் பேச்சுக் கொடுப்பார், எந்தெந்தக் கோயில் என்று ஒன்றையும் விடவில்லை. இலக்கிய மன்றத்தில் வாசித்து அவையை அதிர வைக்கலாம் என்பது எண்ணம். ஒத்திகையாக, எங்கள் வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரியம்மாவின் ஒரே மகன், என் அண்ணன், ஆலைக்குப் போன வழியில் நெடுஞ்சாலை விபத்தில் இறந்தவன். அதுமுதல் சனிக்கிழமைதோறும் எல்லை தாண்டிச் சிக்கதிருப்பதிக்குப் போய்வருவது அவர் வழக்கம்.

அவரைக்காய் நறுக்கியவாறே முழுவதும் கேட்டார். நான் குரலை ஏற்றி இறக்கிப் படித்து முடித்தேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதெல்லாம் சரி கண்ணு. அந்தச் செத்துப்போன அம்மாங்கள்லாம் எந்தக் கொறைக்காகக் கோயிலுக்குப் போனாங்களாம்?” என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டினேன். சிலருடைய வயது இருந்தது. நகையின் விவரம் இருந்தது. ஆறு பேரில் ஒருவருடைய வேண்டுதலைக்கூட நான் குறித்து வைத்திருக்கவில்லை.

“உனக்கு அந்தப் பொம்பளையத்தான் புடிச்சிருக்கு” என்றார் பெரியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த நோட்டை நான் இலக்கிய மன்றத்தில் வாசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெரியம்மாவுடன் கிளம்பினேன். தரிசனம் முடிந்து வெளியே திண்ணையில் உட்கார்ந்தோம். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். நல்ல சேலை, பரிவான முகம். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேச்சுக் கொடுத்தார். பெரியம்மாவோ, எங்கள் வீட்டில் எவரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லத் தொடங்கினார். அண்ணன் அன்று காலையில் டிபன் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனதையும், அதைக் கொடுக்கத் தெருமுனை வரை தாம் ஓடியதையும் அன்றுதான் நானே கேட்டேன்.

அந்தப் பெண் பையைத் திறந்தார். ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, பாதியைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெனால்டி கார்னருக்கு முன் கோல்கீப்பர் எழுவதுபோல் நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பெரியம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழத்தை வாங்கிச் சுளைசுளையாகத் தின்றார். விதைகளை முந்தானை ஓரத்தில் துப்பி எடுத்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன கொறைம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.