யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத தொழுவம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிட்ஸ்ஃபீல்டு நகரை ஒட்டி இருக்கிறது ஹான்காக் ஷேக்கர் கிராமம். அங்கே எல்லாரையும் ஈர்ப்பது ஒரு மாட்டுத் தொழுவம். 1826இல் கல்லால் வட்டமாகக் கட்டியது. உலர்புல் ஏற்றிய வண்டி சரிவுப் பாதையில் ஏறி மேல்தளத்துக்கு வரும். உள்ளே சுற்றி வந்தபடியே நடுக்கிடங்கில் புல்லைத் தள்ளிவிட்டு, பின்னுக்கு எடுக்கிற தொல்லையே இல்லாமல் வெளியே போய்விடும். அதற்குக் கீழ்த்தளத்தில் சுமார் 50 மாடுகள் நடுவைப் பார்த்து நிற்கும். தீவனம் நேராக முகத்துக்கு எதிரே கிடைக்கும். சாணம் தரைத் திறப்புகள் வழியாக அடித்தளத்தில் விழுந்து வயலுக்கு உரமாகும். 1864இல் தீப்பிடித்து நாசமானபோது, அதே வட்டச் சுவர்களுக்குள் திரும்பவும் எழுப்பினார்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியவர்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தொழுவத்தில் தனிப் பங்கு கிடையாது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்த ஆன் லீ, 1774இல் ஒரு சிறு குழுவோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். அவரைப் பின்பற்றியவர்களே ஷேக்கர்கள். வழிபாட்டில் உடல் நடுங்க ஆடியதால் வந்த பெயர் அது. 1784இல் அவர் இறந்த பிறகு, ஜோசப் மீச்சம் இந்த விசுவாசிகளைக் கூட்டுக் குடியிருப்புகளாகத் திரட்டினார். ஹான்காக் 1790இல் அப்படி அமைந்தது. 1830களில் அங்கே சுமார் 300 பேர் வாழ்ந்தார்கள்.

கூட்டுச் சொத்தை அவர்கள் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. முழு உறுப்பினர் ஆகிறவர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, தன் உடைமைகளைச் சமூகத்துக்கு ஒப்படைப்பார். பின்னால் விலகினாலும் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. புதிதாக வருகிறவர்களை உடனே எழுதிக் கொடுக்கும்படி நெருக்குவதும் இல்லை. அந்த வாழ்க்கை ஒத்துவருகிறதா என்று பார்க்க அவகாசம் உண்டு. நிலமும் பணமும் அறங்காவலர்கள் பொறுப்பில் இருந்தன. வெளியாரோடு கொடுக்கல் வாங்கல், கணக்கு வழக்கு எல்லாம் அவர்கள் வழியாகத்தான். ஆன்மிகத் தலைமையில் ஆணும் பெண்ணும் சமமாக அமர்ந்தார்கள்.

1830இல் எழுந்த செங்கல் குடியிருப்பில் ஏறக்குறைய நூறு பேர் தங்கலாம். பிரம்மச்சரியம் விதி என்பதால் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் தனித்தனிப் படிக்கட்டு. சுவரோடு சுவராகப் பதித்த இழுப்பறைகள் மட்டும் 369. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஒருவர் எடுத்ததை அடுத்தவர் தேடி அலைய வேண்டியதில்லை.

உழைப்பு வயலோடு நிற்கவில்லை. தோட்ட விதைகளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் விற்ற முன்னோடிகள் ஷேக்கர்கள். வசந்தத்தில் விதைப் பெட்டிகளைக் கடைகளில் வைத்துவிட்டுப் போவார்கள். பருவம் முடிந்ததும் வந்து, விற்றதற்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தட்டைத் துடைப்பம், மூலிகை மருந்து, மெல்லிய பலகையை வளைத்துச் செம்பு ஆணி அடித்த நீள்வட்டப் பெட்டி, குடைபோல் விரியும் நூல் சுற்றுக் கருவி என்று அவர்கள் சரக்கை ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். உழைப்பே வழிபாடு என்று நம்பியவர்களுக்கு மட்டமான சரக்கு பாவத்துக்குச் சமம்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆலைகள் அதே பொருள்களை மலிவாகக் குவித்தன. பிள்ளைப்பேறு இல்லாத சமூகம் வெளியிலிருந்து வருகிறவர்களை நம்பியே இருந்தது. அந்த வரவு வற்றியது. ஆண்கள் குறைந்ததால் வயல் வேலைக்குக் கூலியாட்களை வைக்க வேண்டியதாயிற்று. 1960இல் ஹான்காக் குடியிருப்பு மூடப்பட்டு அருங்காட்சியகமானது.

ஆக, ஹான்காக்கை வீழ்த்தியது ஆள் பற்றாக்குறையும் ஆலைப் போட்டியும்தான். பொதுச் சொத்து என்றால் கவனிப்பாரற்றுப் பாழாகும் என்பவர்களுக்கு, 170 ஆண்டுகள் தாக்குப்பிடித்த இந்த ஊரே பதில். எழுத்தில் உடன்படிக்கை, பொறுப்பான கணக்கு, வேலையில் பக்தி: இம்மூன்றும் கூடிய இடத்தில் பொதுவுடைமை நன்றாகவே பராமரிக்கப்பட்டது.